நூலம்மையின் நிகர எடை

மலைக்கு அந்தப் பக்கம் பிறக்கிற காற்று முழுக்க இந்தப் பக்கம் வருவதற்கு இருப்பது ஒரே வாசல், அந்த வாசலுக்கு நேர் கீழே, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் சுழலும் காற்றாலைக் காத்தாடிகளின் காலடியில், முப்பத்தாறு வீடும் ஒரு டீக்கடையும் ஒரு எடைமேடையுமாகக் காத்தாடிக் காலனி இருந்தது. அங்கே கைக்குழந்தைகூட ஒரு கட்டை கூடுதலாகத்தான் அழும், ஏனென்றால் அழுகையில் பாதியைக் காற்று கொண்டுபோய்விடும், மிச்சமாவது அம்மா காதில் விழ வேண்டுமே.

அந்தக் காலனியில் ஒரு வழக்கம் உண்டு. கொழுகொழுவென்று இருப்பவரைப் பார்த்து நன்றாக இருக்கிறாய் என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள், கண் பட்டுவிடும். துபாயிலிருந்து இரண்டு தாடையோடு திரும்பிய வெல்டரைப் பார்த்தாலும், மாமியார் வீட்டு விருந்தில் மூன்று மாதம் ஊறிய மாப்பிள்ளையைப் பார்த்தாலும், பெல்ட்டின் கடைசி ஓட்டையையும் தாண்டி ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்ட ஏட்டையாவைப் பார்த்தாலும், "என்ன, இப்படி இளைச்சிட்டீய" என்று உச்சுக்கொட்ட வேண்டும்; அவரும் வயிற்றைத் தடவிக்கொண்டு, "ஆமா, ஒரே அலைச்சல்" என்று சொல்ல வேண்டும். நிஜமாகவே நோவு பிடித்து வற்றிப்போன ஆளிடம் மட்டும், "தேவலையே, முகத்துல ஒரு தெளிச்சி வந்திருக்கே" என்பார்கள். அப்படி ஒரு வார்த்தை காதில் விழுந்துவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

எடைமேடையில் உட்கார்ந்திருந்தவள் மாடத்தி. பதினெட்டு வருஷமாக, காத்தாடி இறக்கை ஏற்றிய லாரியும், ஜல்லி லாரியும், வாழைத்தார் லாரியும் அவள் சொன்னால்தான் ஏறும், அவள் சொன்னால்தான் இறங்கும். "முன்னால வா, வா, வா, போதும், பிரேக்கைப் பிடி, டிரைவர் கீழ இறங்கு" என்று அவள் மைக்கில் சொல்வதைக் காலனிக் கிளிகள்கூடக் கற்று வைத்திருந்தன. மொத்த எடை, காலி வண்டி எடை, முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருகிற நிகர எடை, இந்த மூன்றுக்குள் உலகம் அடங்கிவிடும் என்பது அவள் கட்சி. மாடத்தி ஆள் நல்ல கனம். மேடையைப் பெருக்க அவள் ஏறினால் சிவப்பு எண்கள் துள்ளி எழுந்து தொண்ணூறு என்று காட்டும், காத்திருக்கிற டிரைவர்கள், "யக்கா, நீங்க இறங்குங்க, எங்க லோடு கூடுது" என்பார்கள், அவளும் சிரித்துவைப்பாள். ஆனால் ஒன்று. நாற்பத்திரண்டு வயசு வரைக்கும் அவளைப் பார்த்து ஒருத்தர்கூட "இளைச்சிட்டியே" என்று சொன்னதில்லை. மனுஷர்கள் இல்லாமல் இல்லை, கேலிக்கு எப்போதும் ஆள் உண்டு. இவள்மேல் கண் பட்டுவிடுமே என்று பயப்படத்தான் யாரும் இல்லை.

சித்திரை நடுவில் பெங்களூர் ஆம்னி பஸ் எடைமேடைப் பக்கம் நின்று, ஓட்டை போட்ட தெர்மாகோல் பெட்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போயிற்று. மாடத்தியின் அண்ணன் மகன் நார்வேக்கு வேலைக்குப் போகிறான், அவன் வளர்த்த அமெரிக்கச் சோளப்பாம்பைக் கூட்டிக்கொண்டு போக அந்த நாட்டுக்காரர்கள் விடவில்லை, அத்தை ஒருத்திதான் எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவள். பெட்டிக்குள்ளே ஆரஞ்சு நிறத்தில், முதுகெல்லாம் செங்கல் நிறத் திட்டோடு, சணல் கயிறு தடிமனில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. பெயர் நூடுல்ஸ் என்று சீட்டு எழுதி ஒட்டியிருந்தான். காலனி வாய்க்கு அது வளையவில்லை, இரண்டே நாளில் நூலம்மை ஆக்கிவிட்டார்கள்.

முதலில் வந்து பார்த்தவள் டீக்கடை செல்லத்தங்கம். ஊருக்கே சோறு போடாவிட்டால் அவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள், முதுகெலும்பு கூரை முகடு மாதிரி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு ரொம்ப இதமான குரலில் சொன்னாள்:

"தேவலையே மாடத்தி. முகத்துல ஒரு தெளிச்சி இருக்கு."

அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மாடத்திக்குத் தெரியும்.

அன்றைக்கே டீக்கடையிலிருந்து சீனி நிறுக்கிற சின்னத் தராசை வாங்கி வந்து போட்டாள். நூற்று இருபது கிராம். அடுத்த வாரம் எழுபது. நூலம்மை எதையும் தொடவில்லை. சோளப்பாம்பு என்றதும் காலனியே அவித்த சோளக்கதிரோடு வரிசையில் வந்தது, உப்பு மிளகாய்த்தூள் தடவி ஒருத்தர், தேங்காய்ப்பூ போட்டு ஒருத்தர். பாம்பு சோளத்தையும் பார்க்கவில்லை, கொண்டுவந்தவரையும் பார்க்கவில்லை. அதற்கடுத்த முறை இருபது. வைகாசி மூன்றாம் தேதி காலை மாடத்தி பெட்டியைத் திறந்தபோது நூலம்மை தரையில் இல்லை, மூடியில் இருந்தது, மூடி விலகியதும் கொதிக்கிற பானையிலிருந்து ஆவி கிளம்புகிற மாதிரி நிதானமாக மேலே போய், உத்தரத்துக் கம்பிக்குப் பக்கத்தில் நின்று, நாக்கை நீட்டிக் காற்றை ருசி பார்த்தது.

மாடத்தி ஸ்டூல் போட்டு ஏறி அதைப் பிடித்து இறக்கினாள். பதினெட்டு வருஷப் பழக்கம், முதலில் காலி டப்பாவைத் தராசில் வைத்தாள், பிறகு பாம்பை உள்ளே விட்டு மூடி மறுபடி வைத்தாள், கழித்துப் பார்த்தாள், நோட்டில் எழுதினாள். நிகர எடை: மைனஸ் ஆறு கிராம். எத்தனையோ லாரி பார்த்தவள், மைனஸில் ஒரு லோடு அன்றைக்குத்தான் பார்த்தாள். தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டாள்.

பாம்பு மிதக்கிறது என்ற செய்தி பத்து நிமிஷத்தில் முப்பத்தாறு வீட்டுக்கும் போய், போன வேகத்தில் பழசாகியும் போனது. காத்தாடிக் காலனிக்காரர்கள் வாழ்நாளில் காற்றோடு போன எத்தனையோ பார்த்தவர்கள்: கோழிக்கூடு, கல்யாணப் பந்தல், ஒருமுறை கவுன்சிலரின் பொன்னாடை. நலச்சங்கம் கூடி, மேலே இருப்பதால் இது பறவைக் கணக்கா, உருவத்தால் ஊர்வன கணக்கா என்று ஒன்றரை மணி நேரம் பேசி, செயலாளர் தொண்டையைச் செருமி, "மேற்படி ஜீவன் மேற்படி வீட்டின் மேற்படி உயரத்துக்குள் மட்டும் மிதக்க இச்சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை" என்று வாசிக்க, எல்லாரும் காராச்சேவு தின்று கலைந்தார்கள். கோயில் பூசாரி வந்து, கொடைத் திருவிழாவுக்கு இதை அம்மன் தலைக்கு மேல் மூன்று நாள் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக் கற்பனை செய்து பார்த்தார், பிறகு அமெரிக்கப் பாம்புக்கு நம் ஊர் உறுமிச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்று தானே முடிவு செய்து எழுந்து போனார்.

உண்மையிலேயே மனதைப் பறிகொடுத்தவர் காத்தாடிக் கம்பெனி உதவிப் பொறியாளர் ஜெபஸ்டின்தான். மாடத்தி துணி உலர்த்தும்போது நூலம்மையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு வெளியே வருவாள். தலை மணிக்கட்டில் இருக்கும், வால் காற்றடிக்கிற திசையில் கொடி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும், மெல்லிய காற்றென்றால் வால்நுனி மட்டும் ஆடும், பலத்த காற்றென்றால் உடம்பு முழுக்க விறைக்கும். ஜெபஸ்டின் கைக்கடிகாரத்தையும் வாலையும் மாறி மாறிப் பார்த்துப் பதிவேட்டில் எழுத ஆரம்பித்தார். கம்பெனி ஜெர்மனியிலிருந்து வாங்கிக் கோபுரத்தில் மாட்டியிருந்த கருவியைவிட இது துல்லியம் என்று டீக்கடையில் அடித்துச் சொன்னார், அந்தக் கருவிக்கு நாக்கு நீட்டத் தெரியாது என்று செல்லத்தங்கமும் ஒத்துக்கொண்டாள்.

மாடத்திக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஆடி பிறக்க இன்னும் இரண்டு மாதம். ஆடிக் காற்று அவள் வீட்டுக் கூரைத் தகட்டில் மூன்றைப் போன வருஷம் கழற்றிக்கொண்டுபோய் நாலாவது ஊரில் போட்டது. பாம்பை இறுக்கிக் கட்டினால் நோகும், தளர்த்திக் கட்டினால் நழுவும், பெட்டிக்குள் போட்டு மூடினால் மூடியில் முட்டி முட்டி மூக்கு சிவந்துபோகிறது. நூலம்மை ஆடி முதல் தேதிக்குள் தரையைத் தொட வேண்டும். தரையைத் தொட்டுவிட்ட பாம்பு எந்தக் காற்றுக்கும் அசையாது, வயிற்றாலேயே பூமியைப் பிடித்துக்கொள்ளும். தொடாவிட்டால் கணவாய் வழியாக வருகிற காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் விட்டுவிடும். வேலை முடிந்து கதவைத் திறந்தால் உத்தரத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிறதே, அதற்கு அவள் பழகிப்போயிருந்தாள். அதற்கு முன்னால் அந்தக் கதவைத் திறந்து யாரும் அவளை எட்டிப் பார்த்ததில்லை.

கால்நடை மருத்துவமனையிலிருந்து டாக்டர் ரோஸ்லின் ஸ்கூட்டரில் வந்தாள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கிற கை, பெரிய ஊரில் பாம்பு பார்க்கிற டாக்டரோடு போனில் பேசி எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். நூலம்மையை அண்ணாந்து பார்த்தாள். எத்தனை நாளாக மிதக்கிறது, மலம் கழித்ததா, தோல் உரித்ததா என்று மட்டும் கேட்டாள். கழித்ததைத் தீப்பெட்டியில் வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, பூச்சி இல்லை, புண்ணும் இல்லை, பஸ்ஸில் வந்த பயமும் குளிரும்தான் என்று சொன்னாள்.

"மிதக்கதுக்கு என்ட்ட மருந்து இல்லக்கா. இளைப்புக்கு இருக்கு. அதுகூட மருந்து இல்ல, ஒழுங்கு."

ஒழுங்கு என்னவென்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். ஐஸில் வைத்த சுண்டெலி ஒன்று, வெந்நீரில் வைத்துக் குளிர் விட்டதும் இடுக்கியால் நீட்ட வேண்டும். பாம்பு உடம்பில் தடிமனான இடத்தைவிட எலி தடிமனாக இருக்கக் கூடாது. ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவை, ஒன்றே ஒன்று. தின்ற பிறகு முழுசாக இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது, தூக்கக் கூடாது, கூட்டம் கூடி உற்றுப் பார்க்கக்கூடாது. ஒளிந்துகொள்ளச் சூடான பக்கம் ஒரு பெட்டி, குளுமையான பக்கம் ஒரு பெட்டி. பக்கத்திலேயே நல்ல தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை, அடுத்த வேளைக்கு முன்னால், எடை. ஒல்லியாக இருக்கிறதே என்று ஒரேயடியாகத் திணித்தால் வாந்தி வரும், ஈரல் கெடும், இருப்பதும் போகும்.

"ஓவர்லோடு" என்றாள் மாடத்தி.

"அதேதான்க்கா" என்றாள் டாக்டர்.

மாடத்தி செருப்பு டப்பா இரண்டை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள், ஒன்று வெயில் காய்கிற தகட்டுக்குப் பக்கம், ஒன்று ஜன்னல் பக்கம். தண்ணீருக்கு ஒரு கிண்ணத்தைக் கம்பியில் கோத்து மாட்டினாள். எலி ஐஸ் பெட்டியில் பெங்களூரிலிருந்து வந்தது, வைக்கக் காலனியில் இருந்த ஒரே பெரிய ஃப்ரிட்ஜ் செல்லத்தங்கம் கடையில் இருந்தது, எவர்சில்வர் தூக்கில் போட்டு, "பாலில்லை" என்று எழுதி ஒட்டி வைத்தார்கள். முதல் எலியை மாடத்தி ஸ்டூலில் நின்று, இடுக்கியால் நீட்டினாள். நூலம்மை யோசித்தது. இன்னும் கொஞ்சம் யோசித்தது. பிறகு வாயைத் திறந்து, பாயைச் சுருட்டுகிற மாதிரி மெதுவாக, முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டது. மாடத்தி ஸ்டூலிலேயே உட்கார்ந்து அழுதாள், மூக்கைச் சிந்தினாள், வேலைக்குப் போனாள்.

இனி நடந்ததுக்குக் காலனியைக் குற்றம் சொல்ல முடியாது, குற்றம் அதன் கையில் இருந்தது. அந்த ஊரில் யாரும் யாருக்கும் எதையும் ஒற்றையாக வைக்க மாட்டார்கள். ஒரு இட்லி வைத்தால் அது இட்லி இல்லை, வசவு. ஒரு முறுக்கு கொடுத்தால் போய்த் தொலை என்று அர்த்தம். இரண்டாவதை வைத்தால்தான் முதலாவது வைத்ததாகக் கணக்கு. மாடத்தி வேலைக்குப் போன அரைமணியில் செல்லத்தங்கம் சாவி இருக்கிற செங்கல்லைப் புரட்டி, தூக்குவாளியோடு உள்ளே போய், ஒத்தையா வச்சிட்டுப் போயிட்டாளே பாவி, இந்தச் சவத்துக்கு மனசு என்ன பாடு படும் என்று புலம்பிக்கொண்டே, முதலாவதைவிடப் பெரிசாக இன்னொன்றை வைத்துவிட்டாள். நூலம்மை மரியாதைக்கு அதையும் விழுங்கிற்று. வயிறு தெரிகிற பாம்பைப் பார்க்க காலனி முழுக்க வந்தது. வளைகாப்புக்காரியைத் தொட்டுப் பார்ப்பது போலத் தொட்டுப் பார்த்தார்கள், மடிக்கு மடி மாற்றினார்கள், ஒரு பெண் விபூதிகூடப் பூசினாள். மாலையில் காற்று பார்க்கப் பதிவேட்டோடு ஜெபஸ்டின் வந்து அடியில் நின்று அண்ணாந்தபோது, நூலம்மை இரண்டு எலியையும், ஒன்றன் பின் ஒன்றாக, மே மாதக் காற்றின் சராசரி வேகம் எழுதியிருந்த பக்கத்தின் மேல் போட்டது.

மறுநாள் எடை மைனஸ் முப்பத்தெட்டு. பாம்பு தகட்டோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது, கீழே பிடித்து இழுக்கக் கை வலித்தது.

மாடத்தி கடைக்குப் போய், தூக்குவாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். செல்லத்தங்கம் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்தாள்.

"ஒண்ணே ஒண்ண மட்டும் வச்சிட்டு எப்படிட்டீ இருப்பே? எனக்குக் கை வரலியே."

"உங்க கைக்குப் பசி அடங்கணும்னு அது சாவணுமாக்கா?"

டாக்டர் வந்து பார்த்து, பத்து நாள் ஒன்றும் கொடுக்காதே, தண்ணீர் மட்டும், வயிறு ஆறட்டும், பிறகு பாதி அளவு எலி, பிறகு மெல்ல மெல்ல ஏற்று என்று சொன்னாள். மாடத்தி காலண்டரை எண்ணினாள். ஆடிக்கு முன்னால் ஏழு எலிக்குத்தான் இடம் இருந்தது.

பத்து நாளும் அவள் யோசித்தது எலியைப் பற்றி இல்லை, காலனியைப் பற்றி. பூட்டுப் போட்டால் சாவி வாங்குவார்கள், சாவி கொடுக்காவிட்டால் ஜன்னலில் வருவார்கள், சண்டை போட்டால் சமாதானத்துக்கு எதையாவது கிண்டிக்கொண்டு வருவார்கள். பதினோராம் நாள் பாதி அளவு எலியைக் கொடுத்துவிட்டு, எடைமேடை ஷெட்டிலிருந்து மஞ்சள் பெயின்ட் டப்பாவை எடுத்து வந்து வீட்டைச் சுற்றி அகலமாக ஒரு கோடு இழுத்தாள். எடைமேடைக்கென்று கம்பெனி கூடுதலாகக் கொடுத்து மாட்டாமல் கிடந்த சிவப்பு, பச்சை விளக்கு இரண்டையும் வாசலில் மாட்டினாள். சிவப்பைப் போட்டாள். மைக்கைக் கையில் எடுத்தாள்.

"லோடு மேடையில் இருக்கு. எடை முடியிற வரைக்கும் யாரும் கோட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

காலனியில் பாதிப் பேர் லாரி ஓட்டுகிறவர்கள், மீதிப் பேர் லாரி ஓட்டுகிறவர்களைக் கட்டியவர்கள். வேண்டாம் என்ற சொல் அவர்களுக்குப் புரியாது, தயவு செய்து என்ற சொல் அவர்கள் கேட்டதில்லை, ஆனால் மஞ்சள் கோட்டையும் சிவப்பு விளக்கையும் பார்த்து, மாடத்தியின் மைக்கையும் கேட்டால் வலது கால் தன்னால் பிரேக்குக்குப் போய்விடும். கையில் கிண்ணத்தோடு வந்த செல்லத்தங்கம் கோட்டுக்கு ஒரு அங்குலம் முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் அவள் முதுகில் மோதி நின்றார்கள்.

எலி கொடுத்து இரண்டு நாள் சிவப்பு, பிறகு மூன்று நாள் பச்சை, பச்சையிலும் ஒரு தடவைக்கு ஒரு ஆள், மறுபடி எடை, மறுபடி எலி, மறுபடி சிவப்பு. காலனியின் வாழ்க்கை இந்த விளக்குக்கு ஏற்ப ஓட ஆரம்பித்தது. சிவப்பு நாட்களில் ஜனங்கள் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு, பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பெற்றோர் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்; குக்கர் விசிலை ஈரத்துணியால் அமுக்கினார்கள்; லாரிகள் ஹாரன் அடிக்காமல் கை காட்டிப் போயின; தும்மல் வந்தவன் எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு ஓடினான். பெண் பார்க்க வந்த கூட்டம் ஒன்று சிவப்பு நாளில் மாட்டிக்கொண்டு, மாப்பிள்ளை என்ன வேலை, பெண் என்ன படிப்பு என்பதெல்லாம் கைஜாடையிலேயே பேசி, எந்தத் தரப்பும் எதையும் சரியாகப் புரிந்துகொள்ளாததால் கல்யாணம் உடனே நிச்சயமாயிற்று.

ஆனாலும் சமைத்த கை சும்மா இருக்குமா. பாம்புக்கென்று கிண்டிய உளுந்தங்களி இருந்தது, இடுப்புக்குப் பலம் என்று கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கிண்டியது, பாம்புக்கு உடம்பு பூராவும் இடுப்புதானே என்று நியாயமாக யோசித்துத்தான் கிண்டினார்கள். கோட்டைத் தாண்டிப் பாம்புக்குப் போகக் கூடாது. கோட்டோரம் வந்து நிற்கிற மாடத்திக்குக் கொடுக்கலாம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். காலையில் களி, மத்தியானம் மீன்குழம்பு, சாயங்காலம் இரட்டை வடை, எல்லாம் இரண்டு இரண்டாக, மாடத்தி வாங்கிக்கொண்டு உள்ளே போய், உத்தரத்தைப் பார்த்தபடி சாப்பிட்டாள். பதினெட்டு வருஷமாகத் தனியாகச் சாப்பிட்டவள். இப்போது மேலே ஒரு ஜீவன், வெளியே முப்பத்தாறு வீடு, அவள் மென்று விழுங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

மைனஸ் முப்பத்தாறு. மைனஸ் முப்பது. மைனஸ் இருபத்திரண்டு. நூலம்மை தகட்டை விட்டு உத்தரத்துக்கு வந்தது, உத்தரத்திலிருந்து ஜன்னல் உயரத்துக்கு வந்தது. செருப்பு டப்பாக்களின் கயிற்றை மாடத்தி வாரத்துக்கு ஒரு சாண் நீட்டினாள். முகடு மாதிரி இருந்த முதுகு உருண்டு திரள ஆரம்பித்தது. அந்த வாரம் ஜெபஸ்டின் கோட்டோரம் வந்து, தலையைச் சொறிந்து, சுற்றிமுற்றிப் பார்த்து, மேடம், நல்லா தேறிடுச்சு, ஒரு மைனஸ் இருபதுல நிறுத்திக்கலாமே, கம்பெனிக்கு ரிப்போர்ட் அனுப்பியாச்சு, மேலிடத்துல ரொம்பப் பாராட்டுறாங்க என்று இழுத்தார்.

"சார், உங்க மகளைக் கொடிக்கம்பத்துல கட்டித்தான் காத்து பாப்பீயளா?"

ஜெபஸ்டினுக்கு முகம் விழுந்துவிட்டது. அன்றைக்கே மனைவியின் ஆரஞ்சுப் புடவை ஒன்றைக் கெஞ்சி வாங்கி, சிவப்புத் திட்டு வைத்துத் தைத்து, நீளப் பை ஒன்றைக் கம்பத்தில் பறக்கவிட்டார். அது காற்றைக் காட்டியது, நாக்கை மட்டும் காட்டவில்லை.

மைனஸ் பதினைந்து. மைனஸ் எட்டு. மைனஸ் மூன்று. நூலம்மை இப்போது முழங்கால் உயரத்தில் மிதந்து, மாடத்தி பாத்திரம் கழுவப் போனால் பின்னாலேயே வந்தது. செல்லத்தங்கம் கோட்டைத் தாண்டவே இல்லை, எலி இருக்கும் தூக்குவாளியைத் திறக்கக்கூட இல்லை. கேட்டால், வலது கையை இடது கையால் பிடித்துக்கொள்வதாகச் சொன்னாள்.

ஆடி முதல் தேதி காலை காற்று முன்கூட்டியே எழுந்துவிட்டது. சத்தம் முதலில் மலையில் கேட்டது, பிறகு காத்தாடிகளில் கேட்டது, பிறகு மாடத்தியின் கூரையில் கேட்டது, ஒரு தகடு ஆணியோடு எழுந்து நின்று வெளியே எட்டிப் பார்த்தது. மாடத்தி நூலம்மையைத் தோளில் சுற்றி, தராசையும் டப்பாவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். தின்று ஐந்து நாள் ஆயிற்று, தூக்கலாம். காலனியிலேயே கான்கிரீட் கூரை இருந்த ஒரே இடம் எடைமேடை அறை. காற்றுக்குக் குனிந்து, தலையைத் தாழ்த்தி, தெருவைக் கடந்து அறைக்குப் போய்த் தராசில் போட்டாள். மைனஸ் ஒன்று.

ஒரு கிராம். ஒரு சிட்டிகை உப்பு. மாடத்தி டப்பாவைத் திறந்து மறுபடி போட்டாள், காலி டப்பா எடை பார்த்து மறுபடி போட்டாள், மைனஸ் ஒன்றுதான். அப்போது அறைக் கதவைக் காற்று பிடுங்கி எறிந்தது, நூலம்மை டப்பாவிலிருந்து எழும்பி வாசல் வழியாக வெளியே போயிற்று, மாடத்தி பாய்ந்து வாலைப் பிடித்தாள், பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் எடைமேடையின் நடுவுக்கு வந்துவிட்டார்கள். அவள் காலை நீட்டி அப்படியே உட்கார்ந்தாள், உட்கார்ந்ததால்தான் காற்றால் அவளை ஒன்றும் செய்ய முடியவில்லை. வால் அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. உடம்பு இரும்புத் தகட்டுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்தில், காற்றுக்கு விறைத்து நீண்டு நின்றது. மேடை விளக்கு, ஆள் ஏறியதும் வழக்கம்போல, தானே சிவப்புக்கு மாறியது.

முப்பத்தாறு வீடும் மேடை விளிம்பில் போட்டிருந்த மஞ்சள் கோட்டோரம் வந்து நின்றது. இறக்கை ஏற்றிய நீள லாரி ஒன்று பின்னால் நின்றது, டிரைவர் இறங்கி வந்து அவரும் நின்றார். யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. மணிக்கட்டில் சுற்று ஒன்று அவிழ்ந்தது. இன்னும் ஒன்றரைச் சுற்றுதான் இருந்தது.

செல்லத்தங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். கையில் கிண்ணம் இல்லை, தட்டு இல்லை, ஒரு சொம்பு இருந்தது. வீட்டுக்கு வந்த யாருக்கும் முதலில் அவள் நீட்டுவது அதைத்தான். காப்பியும் வடையும் இரண்டாவது வடையும் அதற்கப்புறம். கோட்டோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சொம்பை இரும்பு மேடையில் வைத்து, கோட்டுக்குள் விரல்நுனிகூடப் படாமல், கேரம் காயைத் தட்டுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினாள். சொம்பு சறுக்கிக்கொண்டே வந்தது, தளும்பியது, மாடத்தியின் கால் பெருவிரலில் முட்டி நின்றது.

நூலம்மை நாக்கை நீட்டியது. ஓடும் காற்றில் தலையைத் திருப்ப அதற்கு நேரம் பிடித்தது. திருப்பியது, சொம்பின் விளிம்பில் தாடையை வைத்தது, குடித்தது. அதன் தொண்டை அசைவதை முப்பத்தாறு வீடும் பார்த்தது, ஒவ்வொரு அசைவுக்கும் கூடவே எச்சில் விழுங்கியது. ஒரு வாய், இரண்டு வாய், பத்து வாய். விரற்கடை அரை விரற்கடையாகி, நெல் மணி உயரமாகி, பிறகு இரும்புத் தகட்டின் மேல், ஈரத் துணியை வைத்தது போல, வயிறு முழுக்கப் பதிந்தது. காற்று அதை ஒரு தடவை புரட்டிப் பார்த்தது. முடியவில்லை. நூலம்மை அப்படியே வளைந்து நெளிந்து, வயிற்றாலேயே நடந்து, மாடத்தியின் புடவை மடிப்புக்குள் போய்ச் சுருண்டது.

அறுபது டன் நிறுக்கிற மேடைக்கு அதெல்லாம் தெரியாது. அது தன் பாட்டுக்குச் சிவப்பு எழுத்தில் தொண்ணூற்றைந்து என்று காட்டிக்கொண்டிருந்தது.

மாடத்தி எழுந்து போய்ப் பச்சையைப் போட்டாள். காலனி மேடைக்கு ஏறி வந்து அவளைச் சுற்றி நின்றது. எல்லாருக்கும் சொல்ல நாக்கு துடித்தது, உருண்ட முதுகைப் பார், பளபளப்பைப் பார், தரையில் நடக்கிற அழகைப் பார் என்று. சொல்லிவிட்டால் கண் பட்டுவிடுமே என்று எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு செல்லத்தங்கத்தைப் பார்த்தார்கள். அவள் குனிந்து புடவை மடிப்பைப் பார்த்தாள். முகத்தை முடிந்த மட்டும் சோகமாக வைத்துக்கொண்டாள்.

"ஐயோ பாவம், என்னமா இளைச்சுப்போச்சு" என்றாள். லாரி டிரைவர், வெல்டர், பூசாரி, செயலாளர், ஜெபஸ்டின் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள், இளைச்சுதான் போச்சு, எலும்பும் தோலுமா ஆயிட்டு என்று ஒருத்தர் மாற்றி ஒருத்தர் சொல்லி, சந்தோஷத்தில் ஒருத்தர் தோளை ஒருத்தர் அடித்துக்கொண்டார்கள்.

செல்லத்தங்கம் நிமிர்ந்தாள். கோட்டோரம் உட்கார்ந்திருந்தபோதே அந்தத் தொண்ணூற்றைந்தைப் பார்த்துவைத்திருந்தாள், ஒன்றரை மாதக் களியும் மீன்குழம்பும் இரட்டை வடையும் அவளுக்குத் தெரியாததா. பிறகு மாடத்தியின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, அங்குமிங்கும் பார்த்து, யார் கண்ணும் பட்டுவிடக் கூடாது என்ற பயத்தோடு குரலைத் தாழ்த்தினாள்.

"நீயும்தாண்டீ. இப்படி இளைச்சிட்டியே."

மாடத்தி வயிற்றை ஒரு தடவை தடவிக்கொண்டாள்.

"ஆமாக்கா" என்றாள். "ஒரே அலைச்சல்."